பனிக்குள் எடுத்த வீடியோ

வீடியோவைப் போட்டு இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. தானா ராத்தா மலையூரில், தேயிலைக் கடையின் கண்ணாடிக் கதவில் காலைப் பனி நீராக வழிகிறது. மேசைமேல் கோலாலம்பூர் விளம்பரக் கம்பெனியின் ஒப்பந்தத் தாள் விரிந்திருக்க, ரஞ்சிதம் அத்தை கையெழுத்துப் போடாமல் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். எதிரே துளசி தேயிலைப் பொட்டலங்களுக்கு லேபிள் ஒட்டுகிறாள். கடையின் இணையப் பக்கத்தில் அவள் போட்ட அந்த வீடியோவில் இலை வெட்டும் மிஷின் இரைகிறது. சரிவின் கொழுந்துகள் வரிசை வரிசையாகப் பனிக்குள்ளிருந்து வெளிப்படுகின்றன. பினாங்கிலிருந்தும் ஜோகூரிலிருந்தும் ஆர்டர் வந்தது அதைப் பார்த்துத்தான். பாராட்டியவர்களுக்கெல்லாம் துளசி தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள்.

“இந்தக் கம்பெனி வேணாம்லா,” என்று அத்தை தாளை மடிக்கிறார். “வீட்டுப் பிள்ளையே இப்படி எடுக்கிறப்போ வெளி ஆளு எதுக்கு? இனிமே விளம்பரம் முழுக்க நீதான். அதுக்குத் தனிச் சம்பளம். என்னடி, வாயில கொழுக்கட்டையா?”

வாசலில் ஜமால் லோரியிலிருந்து மூட்டை இறக்குகிறார். பங்களாதேஷிலிருந்து வந்து ஒன்பது வருடமாக இந்தச் சரிவுகளில் இலை வெட்டுகிறவர். தமிழ் நன்றாகவே புரியும். அத்தை சொன்னதைக் கேட்டுச் சிரித்தபடி, துளசியைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துகிறார். நகக்கண்ணில் தேயிலைக் கறை. துளசியின் காது மடல் சுடுகிறது. லேபிள் கோணலாக ஒட்டிக்கொள்கிறது.

“அத்தை,” என்கிறாள். “அத நான் எடுக்கல. ஜமால் அண்ணன்தான் எடுத்து அனுப்புனாரு.”