கை படாத இடம்

“சார், ஒரு தடவை எச்சில் முழுங்குங்க.”

நாற்காலியில் அண்ணாந்து கண் மூடியிருந்தவர் கண்ணைத் திறந்தார். வலது கன்னமும் கழுத்தும் வழித்தாகிவிட்டது. இடது பக்கம் இன்னும் நுரை.

“என்னது?”

“சும்மா ஒரு தடவை முழுங்குங்க சார்.”

முழுங்கினார். சலூன்காரரின் இரண்டு விரல்கள் அவருடைய குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வலது ஓரமாக நின்றிருந்தன.

“இன்னொரு தடவை.”

“எதுக்குப்பா?”

“இங்க ஒரு உருண்டை தட்டுப்படுது. கோலிக்குண்டு அளவு இருக்கும். நீங்க முழுங்கறப்ப அதுவும் கூடவே மேல போயிட்டுக் கீழ வருது.”

“கொழுப்புக் கட்டியா இருக்கும். சீக்கிரம் முடிப்பா, வேலைக்குப் போகணும்.”

வழக்கமாகப் போகும் கடை பூட்டியிருந்ததால் இன்றைக்குத்தான் அவர் முதல் முறையாக இங்கே வந்திருந்தார். முகம் நிறையத் தாடியோடு வந்து, “மொத்தமா எடுத்துடு. வீட்ல பாக்கச் சகிக்கலையாம்” என்று உட்கார்ந்தார். சலூன்காரருக்கும் தாடியை எடுக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை.

“குரல் எப்பவுமே இப்படிக் கரகரன்னுதான் இருக்குமா சார்?”

“பேசற பொழப்பு. காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் பேசணும். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லணும். அப்பவும் பாதிப் பேர் காதுல வாங்கறதில்ல.”

“ஓ, வாத்தியாரா?”

வந்தவர் மறுக்கவில்லை. கத்தி தாடையோரம் ஓடிக்கொண்டிருந்ததால் தலையையும் ஆட்டவில்லை.

பெஞ்சில் தன் முறைக்குக் காத்திருந்தவர் பேப்பரை இறக்கினார். “ஏம்ப்பா, தாடி எடுக்கச் சொன்னா வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கே. எனக்கு முடி மட்டும் வெட்டு, போதும்.”

சலூன்காரர் சிரித்துவைத்தார். ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

“முழுங்கறப்ப ஏதாவது மாட்டுற மாதிரி இருக்கா?”

“படுத்தா லேசா அடைக்கும். எழுந்து தண்ணி குடிச்சா போயிடும்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு மாசம். மூணும் இருக்கலாம்.”

“வீட்ல சொன்னீங்களா?”

“சொன்னா அவ தூங்கமாட்டா.”

“நீங்களே கை வச்சுப் பாத்தீங்களா?”

“இல்ல.”

“குளிக்கறப்பகூடவா?”

வந்தவர் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். குளிக்கும்போது கழுத்துக்கு மட்டும் அவசர அவசரமாகச் சோப்புப் போட்டுக் கையை எடுத்துவிடுவது நினைவுக்கு வந்தது. சட்டையின் மேல் பொத்தானை மாட்டாமல் விட ஆரம்பித்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

“தாடியும் ரெண்டு மூணு மாசத்துத் தாடிதான்” என்றார் சலூன்காரர்.

வந்தவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார்.

சலூன்காரர் கத்தியைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

“என் அக்காவுக்கும் இதே இடம்தான் சார். துணி துவைக்கறப்ப பாடுவா. தெருமுனை வரைக்கும் கேக்கும். தொண்டை அடைக்குதுன்னா, சளின்னோம். அசதியா இருக்குன்னா, சோம்பேறின்னோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுக்குள்ள ஒரு வருஷம் ஓடிப்போச்சு. தைராய்டுல கட்டி. நரம்பு வரைக்கும் போயிடுச்சுன்னாங்க. ஆள் பொழச்சுக்கிட்டா. குரல் வரல. இப்ப என்னைக் கூப்பிடணும்னா கையைத் தட்டுறா.”

பெஞ்சில் இருந்தவர் பேப்பரைப் புரட்டவில்லை.

“உங்களைப் பயமுறுத்தணும்னு சொல்லல சார். எல்லாக் கட்டியும் மோசமில்ல, நிறைய பேருக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு அங்கேயே சொன்னாங்க. ஆனா பாக்கணும்ல? ஸ்கேன் எடுப்பாங்க. வேணும்னா ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்க. எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்குமாம்.”

“தெரியும்” என்றார் வந்தவர், மெதுவாக.

“தெரிஞ்சு வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? போகணும்.”

மீதி நுரையையும் வழித்து, ஈரத் துண்டால் முகத்தை ஒற்றியெடுத்தார் சலூன்காரர். வந்தவர் காசைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனார். படியில் நின்று திரும்பினார்.

“ஒருவேளை மோசமானதா இருந்துட்டா?”

ஒரு வாத்தியார் தன்னிடம் இப்படிக் கேட்பார் என்று சலூன்காரர் எதிர்பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“அதைக் கண்டுபிடிக்கறவங்க அங்க இருக்காங்க சார். நாம ஏன் இங்க நின்னு கவலைப்படணும்? தனியாப் போகத் தயக்கமா இருந்தா சொல்லுங்க, நான் வரேன். மூணு மணிக்கு மேல கடையில கூட்டமிருக்காது.”

அவர் தலையசைத்துவிட்டு நடந்தார்.

அடுத்த தெருவில் ஒரு கட்டடத்தின் மாடிப்படியை ஏறியபோது மூச்சு லேசாக வாங்கியது. மேலே நீளமான வராந்தாவில் முப்பது பேருக்குக் குறையாமல் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு அடங்கியது. ஒன்றிரண்டு பேர் எழுந்தார்கள்.

வெள்ளைச் சேலையில் இருந்த பெண் கதவைத் திறந்துவிட்டாள். “என்ன டாக்டர், தாடியைக் காணோம்? முதல் ஆளை உள்ள அனுப்பட்டுமா?”

“பக்கத்து ரூம் டாக்டரம்மாவை ஒரு நிமிஷம் வரச் சொல்லும்மா” என்றார், இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் மற்றவர்களின் தைராய்டுக் கட்டிகளைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிவந்தவர். சொல்லிவிட்டு, மேஜைக்குப் பின்னால் இருந்த தன் நாற்காலிக்குப் போகாமல், நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.