பழுதான மூக்கு

குழாய்ப் பாதுகாப்பு ஆணையம் கசிவைக் காட்டும் கருவிகள் வாங்குவதை நிறுத்திவிட்டு, எரிவாயுக் குழாய் ஓடும் ஊர்களில் வீட்டுக்கு ஒரு மூக்கைப் பதிவு செய்திருந்தது. வாடை அடித்தால் சொல்வது அந்த மூக்கின் கடமை. செங்கமலத்தின் வீட்டில் அவள் மூக்கு.

ஒருநாள் குழாய் வெடித்து மாட்டுக்கொட்டகை எரிந்தது, அவள் புருஷனுக்கு முதுகு வெந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி குழாய்ப் பக்கமே போகவில்லை. அவள் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சளி கட்டியிருக்கேம்மா. ஏன் தெரிவிக்கல?"

"மழையில நின்னு நாத்து நட்டா சளி புடிக்காம சந்தனமா மணக்கும்? கொழாயி துருப்புடிச்சு ஓட்டையாக் கெடக்கு சார், அத வந்து பாருங்க."

"குழாய் ஆணையத்தோடது, அதுல குறை இருக்காது. கருவிதான் பழுது."

மறுநாளே பாதுகாப்பு நடவடிக்கை எடுத்தார்கள். செங்கமலத்தின் சட்டிபானைகளைத் தெருவில் வைத்துவிட்டு, நல்ல மூக்குள்ள வேறொரு குடும்பத்தை அந்த வீட்டில் குடியேற்றினார்கள். குழாயிலும் வாயுவைத் திறந்துவிட்டார்கள்.

வாசலில் கால் வைத்ததுமே புதுக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அய்ய, என்ன சார் இந்த நாத்தம் நாறுது?"

அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாம்மா, புதுக் கருவி எவ்வளவு அருமையா வேலை செய்யுது!" என்று செங்கமலத்திடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.