பொத்தானைத் தேடிய ஐந்து பேர்

மனசில் பட்டதை அப்படியே சொல்லும் வாய்க்கு அந்த வாரம் விலை, அரை மணிக்கு இருநூறு. அவள் பேரம் பேசித்தான் பார்த்தாள்; நூற்றைம்பதுக்கு ஒரு வாயும் படியவில்லை.

அப்படி வாங்கிய ஐந்தாவது வாய் இப்போது லேப்டாப்பில் மூக்கடைத்துப் பேசிக்கொண்டிருந்தது. தான் ஒரு கணக்காளர் என்றும், சளி பிடித்திருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"டாக்டர் பேரு இருக்கு, நேரம் இருக்கு... தேதியை மாத்தறது எங்கங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது, அதுதான் தொழில். எங்கோ இருக்கும் ஒருவர் நாம் வரைந்த ஆப்பைத் தன் கம்ப்யூட்டரில் தட்டித் தடவி, தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். நாம் குறித்துக்கொள்ள வேண்டும். விடையைக் கடைசிவரை காட்டக் கூடாது. பத்தொன்பது வருஷம் செருப்புக் கடையில் நின்று, "உங்க காலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு சார்" என்று பேசியே விற்றவளுக்கு, டிசைன் கோர்ஸில் ஆகக் கஷ்டமான பாடம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

சாப்பாட்டு இடைவேளை. கடையின் பின்னால் இருந்த சரக்கு அறையில், ஆண்கள் ஒன்பதாம் சைஸ் பெட்டிகளின் மேல் லேப்டாப். பெண்கள் ஐந்தாம் சைஸ் பெட்டிகளின் மேல் வீங்கிப்போன அவளுடைய இரண்டு கால்கள். ஐந்து பேரிடம் சோதித்த ரிப்போர்ட் நாலு மணிக்குள் போயாக வேண்டும். அது தேறினால் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. உட்கார்ந்து செய்யும் வேலை. இப்போதைக்கு அவளுடைய லட்சியமே ஒரு நாற்காலிதான்.

அவள் வரைந்தது கிளினிக்கில் நேரம் பதிவு செய்யும் ஆப். அதில் தேதியை மாற்றும் பொத்தான் ஒன்று உண்டு. எழுத்தே இல்லாமல், வெளிறிய சாம்பலில், நகத்தளவுக்கு ஒரு காலண்டர் படம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின. பெற்ற பிள்ளையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைத்தான் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. திங்கட்கிழமை ஓய்வுபெற்ற டீச்சர். செவ்வாய் கல்லூரிப் பையன். புதன் ஒரு நர்ஸ், வியாழன் இரண்டு பிள்ளைகளின் தாய். இன்றைக்கு இந்த மூக்கடைப்பு.

நெட் சரியில்லை என்று யாருமே கேமராவைப் போடவில்லை. குரல் மட்டும் கேட்கும், திரையில் அவர்களுடைய மவுஸ் அம்பு மட்டும் அலையும். அந்த அம்பு எதையும் அழுத்துவதற்கு முன் அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தது. ஐந்து பேரிடமும் இதைப் பார்த்துவிட்டாள். 'பயனர்கள் மூன்று முறை சுற்றிய பிறகே அழுத்துகிறார்கள். காரணம்: தயக்கம்' என்று ரிப்போர்ட்டில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தாள்.

அரை மணி முடிந்தது. கணக்காளரும் தோற்றார்.

ஐந்தும் முடிந்ததும் எல்லோருக்கும் சேர்த்துப் பணம் அனுப்புவதாகத்தான் பேச்சு. அவரை லைனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் டீச்சருக்கு அனுப்பினாள். போனது. அடுத்து கல்லூரிப் பையன். 'இதே கணக்குக்கு இப்போதுதான் பணம் அனுப்பினீர்கள். மறுபடியும் அனுப்பலாமா?' என்று ஃபோன் கேட்டது.

சரியான இடத்தில் சரியான கேள்வி, இதை வைத்தவன் நல்ல டிசைனர் என்று நினைத்தாள். அப்புறம்தான் உறைத்தது. ஐந்து பேர் அனுப்பியிருந்த கணக்கு எண்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தாள். ஐந்தும் ஒன்று.

"சார், அந்த டீச்சரம்மாவைக் கொஞ்சம் கூப்பிடறீங்களா?"

மூக்கடைப்பு பட்டென்று விலகி, ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது.

"டீச்சர்தான் பேசறேங்க்கா."

டப்பிங் பேசுகிறவளாம். அணிலிலிருந்து மாமியார் வரை பேசியிருக்கிறாளாம். இப்போது மெஷினே பேசிவிடுகிறது, நாலு மாதமாக யாரும் கூப்பிடவில்லை, வாடகை நிற்கிறது என்றாள். அழவில்லை. அழும் குரலை வீணாக்க விரும்பாதவள் போல் இருந்தது.

கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். அது காலையிலேயே கால் வழியாக இறங்கிப் போயிருந்தது. ஆறு மாதம் போட்டுத் தேய்த்த செருப்பைப் புதுசு என்று திருப்பித் தருகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். அதோடு, மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. திண்டாடியது ஐந்து பேர் இல்லை. ஒருத்தி. மற்றதெல்லாம் நாடகம். அப்படியென்றால் பொத்தான் மேல் குற்றமில்லை.

கோர்ஸில் ஒரு வாரம் தவணை கேட்கலாம். புதிதாக நாலு பேரைப் பிடிக்கலாம். பொத்தானைத் தொட வேண்டியதே இல்லை. ரிப்போர்ட்டில் அதைப் பற்றிய வரிகளை அழிக்க ஆரம்பித்தாள்.

"ஒருத்தி வேலை பார்த்தே, ஒருத்திக்குக் காசு வந்துடுச்சு. நாலு பேருக்கு நான் தர வேண்டியதில்லை. கணக்கு நேரா போச்சு, வச்சிடும்மா."

"காசு பாக்கி எதுவும் இல்லக்கா, நியாயம்தான்," என்றாள் டப்பிங்காரி. திரையில் அம்பு இன்னும் வெறும் இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. "ஆனா அஞ்சு நாளா நிஜமாவே தேடறேன். அந்தப் பொத்தான் எங்கதான்க்கா இருக்கு?"