கூட வராத குரல்

கவுன்சிலர் ஆவுடையப்பன் கட்சி மாறி மூன்று நாளாகிறது. வார்டு மக்களின் போன்களுக்கெல்லாம் அவரைப் போலவே யோசித்துப் பதில் சொல்லும்படி பத்து வருடமாக அவர் பழக்கிய கணினிக் குரல் மட்டும் பழைய கட்சியிலேயே இருந்தது. மக்களுக்குப் பழக்கம் அந்தக் குரல்தான் என்பதால், அதையும் கூட்டிவந்தால்தான் மறுபடி சீட்டு என்று புதுக்கட்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இன்று மாலைதான் கெடு.

“காரணத்தைச் சொல்லும்வே, வாரேன்” என்றது போனிலிருந்து குரல்.

“வார்டு வளர்ச்சிக்காகத்தான்.”

“போன தடவ ஒருத்தர் இதையே சொல்லிட்டுப் போனப்போ, மேடையில நாம சிரிச்ச சிரிப்பு மறந்துபோச்சா?”

“எத்தன தடவ சொல்ல? நீரும் நானும் ஒண்ணுதாம்வே!”

“அதனாலதான் நம்ப மாட்டேங்கேன்.”

ஆவுடையப்பன் போனைச் சோபாவில் எறிந்துவிட்டு வாசலுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே, பக்கத்துத் தெரு எஸ்தர் காலிக் குடத்தோடு தெருக்குழாயடியில் நின்றிருந்தாள்.

“தண்ணி வரலையாம்மா? எங்கிட்ட சொல்லு, நான் பாக்கேன்.”

காதில் போனை வைத்திருந்த எஸ்தர், சத்தம் போடவேண்டாம் என்று அவருக்குக் கைகாட்டினாள்.

“செத்த இருங்க அண்ணாச்சி. கவுன்சிலர் லைன்ல இருக்காரு.”