மூடிக் கிடந்த புத்தகம்

விடுதி அறையின் மேசையில் இரண்டு விலங்கியல் புத்தகங்கள் அருகருகே இருந்தன. ஒன்று ஜெசிந்தாவுடையது, இன்னொன்று மேகலாவுடையது.

ஜெசிந்தாவின் புத்தகம் எப்போதும் விரிந்தே இருக்கும். பக்கமெல்லாம் மஞ்சளும் பச்சையும் ரோஸுமாகக் கோடுகள். சில நாள் அவள் அதன்மேலேயே தலைவைத்துத் தூங்கிவிடுவாள்.

மேகலாவோ ஒரு பக்கம் படித்ததும் பட்டென்று மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். அங்கே தனக்குத்தானே முணுமுணுத்தபடி நடப்பாள். திரும்பி வந்து ஒரே ஒரு வரியை மட்டும் பார்ப்பாள். மறுபடியும் மூடிவிடுவாள்.

"அவளுக்கு என்னைப் பிடிக்கலை போல. ஒரு கோடுகூடப் போட்டதில்லை" என்றது மூடிய புத்தகம்.

"பாவம் நீ" என்றது விரிந்த புத்தகம்.

தேர்வன்று ஜெசிந்தா தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே கிளம்பினாள். மேகலா புத்தகத்தை எடுக்காமலே போனாள். அன்று முழுக்க, பூட்டிய அறையில் அது தனியாகக் கிடந்தது.

சாயங்காலம் விரிந்த புத்தகம் அட்டையெல்லாம் மண்ணோடு திரும்பி வந்தது.

"மணி அடிக்கிறவரைக்கும் அவ என்னை விடலை. அப்புறம் சன்னலுக்கு வெளியே பைகளோட போட்டுட்டா. உள்ளேயிருந்து என்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்தா."

"மேகலா? அவ என்னைத் தேடினாளா?"

"இல்லையே. அவபாட்டுக்கு எதையோ முணுமுணுத்துக்கிட்டே எழுதினா. தலையைத் தூக்கவே இல்லை."

"அதை இன்னொரு தடவை சொல்லு" என்றது மூடிய புத்தகம்.