பால் பொங்குது

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, ஒரு பாட்டுக் கதை சொல்றேன். தங்கபுஷ்பமும் அவள் அக்காவும் சின்ன வயதில் ரேடியோப் பாட்டைக் கேசட்டில் பிடித்தபோது, நடுவில் அம்மா போட்ட சத்தமும் பதிந்துபோனது. அந்தச் சத்தத்தோடுதான் பாட்டே அவர்களுக்கு மனப்பாடம். அம்மா போனபின் கேசட் யாருக்கு என்று சண்டை வந்து பேச்சு நின்றது. ஒரு கல்யாணத்தில் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அக்கா திரும்பிப் பார்ப்பாளா என்று புஷ்பம் ஏங்கிக்கொண்டிருக்க, கச்சேரியில் அதே பாட்டு. அம்மா சத்தம் போட்ட அந்த இடம் வந்ததும் அவள் தன்னை மறந்து, "பால் பொங்குது, அடுப்ப அமத்துங்கடி" என்று கத்திவிட்டாள். சமையல்காரர் கரண்டியோடு உள்ளே ஓடினார். புஷ்பம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்போது எதிர் மூலையிலிருந்து, அம்மாவின் அடுத்த வரி வந்தது: "ரெண்டு கழுதைகள்ல ஒண்ணுக்காவது காது கேக்குதா?"

உங்க வீட்டிலும் பால் பொங்கட்டும்; அடுப்பை அமர்த்தச் சொல்லிக் கத்த ஓர் ஆளும் இருக்கட்டும்.