மஞ்சள் பாவாடைக்காரி

தில்ஷாத் சென்னை வேலையை விட்டுவிட்டு ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியின் மாடியில், சொந்தமாகக் கார்ட்டூன் படங்கள் தயாரிக்கத் தொடங்கினாள். சின்னச் சின்ன விளம்பரங்களில் காலம் ஓடியது. கடைசியில் ஒரு டிவி சேனல் அவள் எடுத்த குழந்தைகளுக்கான தொடரைப் பார்க்கச் சம்மதித்தது. அவர்களும் கைவிரித்தால் ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான்.

முதல் பகுதியில் ஒரு கல்யாணம். கூட்டத்துக்கு நடுவே மஞ்சள் பாவாடை கட்டிய ஒரு சிறுமி ஆடிக்கொண்டிருந்தாள்.

“இது யாரு? கதையில இல்லியே,” என்றாள் தில்ஷாத்.

“நான் வரையலக்கா,” என்றாள் படம் வரையும் ஜாஸ்மின். வேறு யாரும் வரையவில்லை. அழித்தார்கள். மறுநாள் அந்தச் சிறுமி பந்தியில் ஆடினாள். அங்கேயும் அழித்தார்கள். சேனலில் போட்டுக் காட்டியபோது மணமக்களுக்கு முன்னாலேயே வந்து ஆடினாள்.

தில்ஷாத் படத்தை நிறுத்தப் போனாள். சேனல்காரர்களோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். “இந்தப் பொண்ண வெச்சே அடுத்த தொடரும் பண்ணுங்க மேடம்,” என்று இரண்டுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டார்கள்.

அன்று ஸ்டுடியோவில் பிரியாணி. கீழே ஷூ தைக்கும் பெண்களும் மேலேறி வந்து சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை ஜாஸ்மின் புதுத் தொடருக்காக ஆளில்லாத கடைத்தெரு ஒன்றை வரைந்தாள். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், அதில் அந்தச் சிறுமி நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், தெருமுனையில், இன்னும் சில முகங்கள் எட்டிப் பார்த்தன.

தில்ஷாத் சிரித்தபடி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“தெருவக் கொஞ்சம் அகலமா வரை ஜாஸ்மின்,” என்றாள். “ஜாஸ்தி பேர் வர்றாங்க.”